தள்ளுபடி

வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டியதும்
மேல்மடைக்காரர் சொல்வது ஒரே வாக்கியம்:
"கோர்ட்டுல தீர்ப்பு இருக்கு."
முதல் மூன்று நாள் அவர்களுக்கு.
நாலாம் நாள், மிச்சமிருந்தால், எங்களுக்கு.
முப்பது வருஷத்துக்கு மேலாக
அந்த வாக்கியத்துக்குத்தான் மண்வெட்டிகள் பணிகின்றன.
தீர்ப்பைக் கண்ணால் கண்டவர் இல்லை.

சண்டைக்கு இல்லை.
பார்க்கலாமே என்றுதான் கிளம்பினேன்.

நன்னிலம் முன்சீப் கோர்ட், நகல் பிரிவு ஜன்னல்.
"வழக்கு நம்பர்?"
தெரியாது.
"வருஷம்?"
நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்னால்.
"அது வருஷமாம்மா?"
வாதி உத்திராபதி, என் மாமனார்.
பிரதிவாதி பெயரை மட்டும் குரல் தணித்துச் சொன்னேன்,
சிங்காரவடிவேல்.
அவர் மகன் அதே பஸ்ஸில்
எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தான்.

ஜன்னலுக்கு உள்ளே ஆரோக்கியசெல்வி.
கோபமில்லாத, அவசரமில்லாத பெண்.
தஞ்சாவூர் ஜில்லாவில் போட்ட வழக்கு
நாகப்பட்டினம் ஜில்லாவில் முடிந்திருக்கிறது,
கட்டு இப்போது திருவாரூர் ஜில்லா என்றாள்.
ஒரே அலமாரி, அசையவே இல்லை.

தேடுதல் மனு, வில்லை ஒட்டி.
பதினோரு நாள் கழித்து ஒரு எண் கிடைத்தது:
214, பின்னால் ஒரு சாய்கோடு, 1990.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
அப்புறம் நகல் மனு.
"நீங்க வழக்குல கட்சி இல்ல. காரணம் எழுதணும்."
தண்ணீர் என்று எழுதினேன்.
"ஒரு வார்த்தை போதாது, வாக்கியமா எழுதுங்க."
எங்கள் வயலுக்கு நாலாம் நாள்தான்
தண்ணீர் வருகிறது என்று எழுதினேன்.
கீழே கையெழுத்து, வே. தையல்நாயகி.

முத்திரைத்தாள் கேட்டு
அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்களாம்.
ஒட்டிய மூன்று நாளுக்குள் கட்ட வேண்டும்.
தினமும் போய்ப் பலகையைப் பார்த்தேன்.
ஒட்டிய வாரம் மட்டும் போகவில்லை.
அந்த வாரம் எங்கள் முறை,
ராத்திரி பூராவும் மடையில் நின்றேன்,
காலையில் நாற்றுக்கட்டுகள் வந்து இறங்கின.
போனபோது என் எண்ணுக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு.
"திரும்பப் போடுங்க," என்றாள் ஆரோக்கியசெல்வி,
புது மனுவை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள்.

வந்தது ஒரே ஒரு பக்கம்.
பேனாவால் எழுதியது, ஜெராக்ஸில் எறும்புபோல் ஓடியது:
வாதி மூன்று முறை அழைக்கப்பட்டார்.
ஆஜரில்லை.
வழக்கு தள்ளுபடி.
தேதி 12-8-93.

மூன்று நாள் என்று அதில் எங்கும் இல்லை.
நாலாம் நாள் இல்லை. வாய்க்காலே இல்லை.
பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்,
மறுபுறம் முத்திரை மட்டும்.

சாகும்வரை மாமனார் சொன்னது
"தோத்துட்டோம்" என்ற ஒன்றுதான்.
போகவில்லை என்று சொன்னதில்லை.
அன்று ஆடி இருபத்தேழு.
எங்கள் முறையாக இருந்திருக்குமா?
பஸ்ஸில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்,
கணக்கு பிடிபடவில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஜவுளிக்கடைப் பேனர்:
ஆடித் தள்ளுபடி, ஐம்பது சதவீதம்.
சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி
பிள்ளையை இந்தப் பக்கமிருந்து
அந்த மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

நேற்று தண்ணீர் வந்தது.
சிங்காரவடிவேல் மகன் மடையில் நின்றான், மண்வெட்டியோடு.
"கோர்ட்டுல தீர்ப்பு—"
"இருக்கு," என்றேன். "கொண்டாந்திருக்கேன்.
ஒரு பக்கம்தான். படிக்கவா?"

அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை.
என் முகத்தையும் பார்க்கவில்லை.
முழங்கால் அளவு ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே
"எங்கப்பாவும் அதைப் பார்த்ததில்லக்கா," என்றான்.